புகார் வராத ஐந்தாம் பிரிவு

தான் ஒரு மோசமான மேஸ்திரி என்ற செய்தி அவருக்குத் தெரியவந்தபோது வயது ஐம்பத்தைந்து. அதையும் யாரும் நேரில் வந்து சொல்லவில்லை. ஒரு வாளி வாங்கலாம் என்று குடிநீர் அலுவலகக் கிடங்குக்குப் போனவர், அறிவிப்புப் பலகை முன்னால் நாலு பேர் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தானும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். தணிக்கைத் துறை ஒட்டிவிட்டுப் போன பட்டியல் அது. நகரத்தின் ஒன்பது குடிநீர்ப் பிரிவுகளும் வரிசையாக இருந்தன. முதலிடம் ஆறாம் பிரிவு: ஒரு வருடத்தில் தீர்த்து வைத்த புகார்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு. கடைசி இடம் ஐந்தாம் பிரிவு: தீர்த்து வைத்த புகார்கள் பதினான்கு. ஐந்தாம் பிரிவுக்கு மேஸ்திரி அவர்தான்.

முதலில் சிரித்துவிட்டார். யாரோ தாளைத் தலைகீழாக எழுதிவிட்டார்கள் என்றே நினைத்தார். அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்ததும் சிரிப்பு நின்றுபோனது. கடைசி இடத்துப் பிரிவில் வேலைக்கு மிஞ்சிய ஆட்கள் இருப்பதாகத் தெரிவதால், தற்காலிகப் பணியாளர் மூவரைக் குறைக்கலாம் என்றும், ஆட்சேபம் இருந்தால் பதினான்கு நாளில் விளக்கம் தரலாம் என்றும் போட்டிருந்தது.

அவரிடம் இருந்தது மொத்தமே ஆறு பேர். அதில் தற்காலிகம் மூன்று பேர். ஒருவன் நெட்டை, பள்ளத்துக்குள் நின்றாலும் தலை வெளியே தெரியும். இன்னொருவன் பாட்டு, கடப்பாரை போடும்போது எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பான். மூன்றாமவன் பொறுமை, அவன் ஒரு நட்டை முடுக்கி முடிப்பதற்குள் மற்றவர்கள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம், ஆனால் அவன் முடுக்கிய நட்டு மறுபடி கசிந்ததில்லை. மூன்று பேருக்கும் குடும்பம் இருந்தது. எட்டு வருடமாக அவர் பின்னால் வருகிறவர்கள்.

நேராகப் பொறியாளர் அறைக்குப் போனார்.

"சார், இதுல எங்கயோ இடம் மாறிப் போச்சு. நம்மளக் கொண்டுபோய்க் கடைசியில வச்சிருக்காங்க."

பொறியாளர் அவரைவிட இருபது வயது சின்னவர், நல்ல மனிதர், எதற்கும் பிடி கொடுக்காதவர். "இல்ல மேஸ்திரி, சரியாத்தான் இருக்கு. உங்களுக்கு வந்த புகார் பதினாலு. தீர்த்தது பதினாலு."

"அப்ப நூத்துக்கு நூறுதானே சார்?"

"நூத்துக்கு நூறுதான். ஆனா கடைசி."

மேஸ்திரி திருதிருவென்று விழித்தார். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும் என்று அவருக்குப் புரியவில்லை. பொறியாளருக்கும் புரிந்த மாதிரித் தெரியவில்லை, ஆனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் புரிந்த முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஐந்தாம் பிரிவில் ஏன் புகார் வருவதில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். மேஸ்திரியிடம் ஓர் இரும்புக் கம்பி உண்டு. நாலடி நீளம், ஒரு நுனி கூர், மறுநுனியில் காதில் பதிகிற மாதிரி ஒரு மரக் குமிழ். விடிந்தும் விடியாமலும், வண்டிகள் ஓடத் தொடங்குமுன், தெருத்தெருவாகப் போவார். வால்வு மூடியைத் திறந்து கம்பியின் கூர்முனையை வால்வின் மேல் ஊன்றி, குமிழில் காதை வைத்துக் கேட்பார். குழாய் நன்றாக இருந்தால் ஒன்றும் கேட்காது. எங்கேயாவது கசிந்தால் 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்து எத்தனை அடி தள்ளி, எந்த வீட்டு வாசலில் என்று சொல்லிவிடுவார். தண்ணீர் மண்ணுக்கு மேலே வந்து தெருவில் ஓடும்போதுதான் மற்றவர்களுக்குக் கசிவு தெரியும். அவருக்கு அதற்கு ஒரு வாரம் முன்பே தெரியும். ஒன்பது மணிக்கு ஆட்கள் வந்ததும் தோண்டி, கசிகிற இடத்தில் க்ளாம்ப் போட்டு இறுக்கி, மூடி, மேலே தார் ஒட்டுப் போட்டுவிடுவார்கள். தெருக்காரர்கள் அலுவலகம் போகும்போது பள்ளத்தைப் பார்ப்பார்கள், திரும்பி வரும்போது பள்ளம் இருக்காது. இதில் யார், எதற்குப் புகார் செய்வது?

எழுதும் வழக்கமும் அவரிடம் இல்லை. பதிவேட்டில் புகார் எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு. எண் இல்லாத வேலையை எழுத அதில் இடமே கிடையாது. இருபத்தேழு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

மேஸ்திரியின் ஆட்சேபம் கிடைத்து, பதினோராவது நாள் தணிக்கை அதிகாரியே வந்துவிட்டார். நாற்பது வயதுப் பெண்மணி, தட்டைச் செருப்பு, தோளில் துணிப்பை, தண்ணீர்ப் புட்டி. தணிக்கைக்காரர்களை நாலு வார்த்தை திட்டிக் கதை சொல்வது சுலபம், கேட்பவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் இந்த அம்மாள் அறையில் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போகிற ரகம் இல்லை. மேஸ்திரி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"சரி ஐயா. நீங்க சொல்றத நான் நம்புறேன். ஆனா ஆதாரம் வேணுமே?"

"ஆதாரமா? ரோட்டுல இருக்கு மேடம். வாங்க காட்டுறேன்."

இருவரும் நடந்தார்கள். தெருவில் கறுப்புக் கறுப்பாக ஒட்டுகள். ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் காட்டினார் மேஸ்திரி. அந்த அம்மாள் குறித்துக்கொண்டே வந்தார்.

"இது எப்பப் போட்டது?"

"மழைக்கு முன்னாடி."

"எந்த மழை?"

எல்லா மழையும் மேஸ்திரிக்கு ஒரே மழையாகத்தான் இருந்தது. இருந்தாலும் வெயிலில் சளைக்காமல் நடந்த அந்த அம்மாளை அவருக்குப் பிடித்துவிட்டது. தன் சாமர்த்தியத்தின் உச்சத்தைக் காட்டிவிடுவது என்று தச்சுப் பட்டறைச் சந்துக்கு அழைத்துப்போனார்.

"இந்தச் சந்துல மட்டும் பதினோரு தடவை பிடிச்சிருக்கேன் மேடம். ஒரு தடவைகூட ஒரு வீட்டுக்காரங்க வாயத் திறந்ததில்ல."

அந்த அம்மாள் சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். "எத்தனை வருஷத்துல?"

"ரெண்டரை இருக்கும்."

"அறுபது தப்படிதான் இருக்கு சந்து. பதினோரு ஒட்டு. குழாயே இத்துப் போச்சுன்னுதானே அர்த்தம்? மாத்தணும்னு எழுதிக் குடுத்தீங்களா?"

மேஸ்திரி எழுதித் தரவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றியதே இல்லை. ஒவ்வொரு தடவையும் அது அவருக்குப் புதுக் கசிவாக இருந்தது, ஒவ்வொரு தடவையும் கண்டுபிடித்த சந்தோஷமும் புதிதாக இருந்தது. பதினொன்றையும் சேர்த்து அவர் எண்ணியதே இப்போது, பெருமையடிப்பதற்காகத்தான்.

"கசியிற குழாய்ல வெளியழுக்கு உள்ள போகும் இல்லையா? இந்தச் சந்துல யாருக்காவது வயித்துக்கு முடியாமப் போயிருக்குமோ?" என்றார் அந்த அம்மாள். குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். மேஸ்திரிக்குத் தெரியாது. அதுவும் அவர் யோசிக்காத விஷயம்.

வீட்டுக்கு வந்து, காலைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டார். தன்மேல் கோபமா, பட்டியல் போட்டவர்கள்மேல் கோபமா என்று அவருக்கே பிடிபடவில்லை. அவர் மனைவி அரசு மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறவர். ஒரு நாளைக்கு ஐந்நூறு முகம் பார்க்கிறவர், எதற்கும் பதறுவதில்லை.

"எங்க ஆஸ்பத்திரியிலயும் இதே கதைதாங்க," என்றார். "போன மாசம் டோக்கன் அதிகமாப் போச்சுன்னு பெரிய டாக்டருக்குப் பாராட்டு வந்துச்சு. டோக்கன் அதிகமாச்சுன்னா டாக்டர் நல்லாப் பாக்குறார்னு அர்த்தமா, இல்ல ஊருல சீக்கு அதிகமாச்சுன்னு அர்த்தமா? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன்."

"எதுதான் அர்த்தம்?"

"தெரியல. நான் டோக்கனக் குடுத்துட்டு வந்துட்டேன்."

தணிக்கை அதிகாரி ஆட்குறைப்பை ஆறு மாதம் தள்ளிவைத்தார். அதற்குள் மறுபடி ஒரு மதிப்பீடு நடக்கும் என்று கடிதம் வந்தது. ஆறு மாதம் கிடைத்ததே என்று மேஸ்திரி பெருமூச்சு விட்டார். ஆனால் ஆறு மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை.

அதைச் சொல்லித் தந்தவர் ஆறாம் பிரிவு மேஸ்திரி. மீசைக்காரர் என்றால் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். மீசையை நீவிக்கொண்டே, டீக்கடையில் பாடம் நடத்தினார்.

"நீ பொழைக்கத் தெரியாத ஆளுய்யா. கசிவு தெரிஞ்சா உடனே ஓடுற. கசியட்டும், விடு. தண்ணி ரோட்டுக்கு வரட்டும். ஏழு வீட்டுக்காரன் போன் பண்ணுவான். ஏழு நம்பர் விழும். அப்பறம் போய் ஒரே ஒரு ஓட்டைய அடை. ஏழு புகார் தீர்ந்துச்சு."

"அது தப்பில்லையா?"

"எந்தச் சட்டத்துல தப்பு? முதல் இடத்துல இருக்கறவன்யா நான். என்கிட்ட கேக்குற!"

மேஸ்திரிக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் அடுத்த வாரமே, கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டு வாசலில் 'உஸ்' கேட்டபோது, ஆட்களிடம் சொல்லவில்லை. மூன்று பேரின் முகமும் கண்முன் வந்து போக, கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். ஒரு நாள் ஆயிற்று. அலுவலகத்துக்குப் போன் வரவில்லை. இரண்டு நாள், மூன்று நாள். தொலைபேசி எடுக்கிற பெண்ணிடம் போய், "அஞ்சாம் பிரிவுக்கு ஒண்ணும் வரலையாம்மா?" என்று அடிக்கடி கேட்டதில், அவள் இவரை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினாள். நாலாவது நாள் பொறுக்க முடியாமல், தற்செயலாகப் போகிறவர் போல அந்தப் பக்கம் போனார்.

அது ஒரு தையல்காரப் பெண்ணின் வீடு. கீழ்த்தளம். சுவரோரமாகத் தண்ணீர் ஊறித் தரையெல்லாம் ஈரம். தைக்க வந்த துணி மூட்டைகளைக் கட்டில்மேல் ஏற்றி வைத்திருந்தாள். இரண்டு மூட்டைகள் முன்பே நனைந்து கறைபிடித்துவிட்டன.

"எப்ப இருந்தும்மா?"

"முந்தாநாள்ல இருந்து அண்ணே."

"ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"நீங்கதான் வந்துருவீங்களே," என்றாள் அவள். "எங்க தெருவுல போன் பண்ணித் தண்ணிக்காரங்க வந்து நான் பாத்ததே இல்ல. அந்த நம்பரே எங்ககிட்ட இல்லண்ணே."

மேஸ்திரிக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அரை மணியில் ஆட்களைக் கூட்டிவந்து தோண்டினார். நனைந்த துணிக்கு என்ன செய்வாள் என்று கேட்க வாய் வரவில்லை. இனி எந்தக் கசிவையும் ஒரு மணி நேரம்கூட விட்டுவைப்பதில்லை என்று அந்தப் பள்ளத்தின் ஓரத்திலேயே முடிவு செய்தார். ஆனால் ஆட்களையும் காப்பாற்ற வேண்டுமே. அங்கேதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மனுஷனுக்கு யோசனை வராமலே இருந்தால் பாதித் தொல்லை தீரும்.

மறுநாளிலிருந்து, கசிவைக் கேட்டதும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். "உங்க வாசல்ல குழாய் கசியுது. தயவுசெஞ்சு ஒரு புகார் குடுங்க." நம்பரைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்து, அவர்கள் பேசி முடித்துப் புகார் எண் வாங்கும்வரை வாசலிலேயே கைகட்டி நின்றார். எண் வந்ததும் தோண்டினார்கள். தன்மேல் தானே புகார் கேட்டு வீடுவீடாக அலைந்த மேஸ்திரி உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஜனங்கள் குழம்பிப்போனார்கள். "உங்க மேல எப்படிங்க புகார் சொல்றது?" என்று சிலர் கையைப் பிசைந்தார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தொலைபேசியில், "மேஸ்திரி மிகவும் தங்கமானவர், இருந்தாலும் கசிகிறது," என்று சொல்லிவிட்டுத்தான் எண் வாங்கினார். மூன்று பேரின் வேலை இதில்தான் தொங்குகிறது என்பது பாட்டுவின் வாய் வழியாகத் தெருவுக்குப் பரவியதும் கதை மாறியது. ஒரு கசிவுக்கு நாலு வீட்டுக்காரர்கள் போன் பண்ணினார்கள். கசிவே இல்லாத வீட்டுக்காரர்களும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு புகார் போட்டார்கள். தையல்காரப் பெண் மட்டும் ஒன்பது தடவை பண்ணினாள். எல்லாம் அன்பினால்.

மேஸ்திரி இப்போது எழுதவும் கற்றுக்கொண்டார். தேதி, தெரு, எந்த மழை என்பதுவரை. எழுத எழுத, எந்தத் தெருவில் எத்தனை தடவை என்பது அவருக்கே கண்ணில் பட ஆரம்பித்தது. இதை இருபத்தேழு வருடம் முன்பே செய்திருக்கலாமே என்று தோன்றியபோது, தணிக்கை அம்மாளை மனசுக்குள் வாழ்த்தினார். தச்சுப் பட்டறைச் சந்தில் பழைய குழாயைப் பிடுங்கிவிட்டுப் புதுக்குழாய் போட உத்தரவும் வந்தது. அது முழுக்க அந்த அம்மாள் எழுதியதால் வந்தது. ஆறாவது மாதம் முடியும்போது பதிவேட்டில் நானூற்று முப்பத்தொரு புகார்கள், அத்தனையும் தீர்க்கப்பட்டவை. நெட்டை அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தான்.

புதுப் பட்டியல் வந்தது. ஐந்தாம் பிரிவு மறுபடியும் கடைசி.

மேஸ்திரி மூன்று தடவை படித்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பொறியாளர்தான் விளக்கினார். மதிப்பிடும் முறை மாறிவிட்டது. புகார் குறைவாக வரும் பிரிவே நன்றாக நடக்கும் பிரிவு என்று தணிக்கைத் துறை பரிந்துரைத்து, தலைமை அலுவலகம் ஏற்றுக்கொண்டு, கடந்த ஆறு மாதத்துக்கும் சேர்த்து அமல்படுத்திவிட்டது. ஆறாம் பிரிவு மறுபடியும் முதலிடம், மொத்தம் பத்தொன்பது புகார்கள். மீசைக்காரருக்குத் தலைமை அலுவலகத்தில் ஆள் உண்டு. முறை மாறப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்து, தன் பிரிவிலிருந்து போன் பண்ணுகிறவர்களுக்கு எண் கொடுக்க வேண்டாம் என்று அவர் அலுவலகத்தில் சொல்லிவைத்திருந்தார்.

அன்றைக்கே மேஸ்திரி தணிக்கை அலுவலகத்துக்குப் போய், அந்த அம்மாளின் மேசைக்கு முன்னால் நின்றார். அவர் நீட்டிய தாளைப் பார்த்ததும் அந்த அம்மாள் எழுந்துவிட்டார்.

"நானூத்தி முப்பத்தொண்ணா? உங்க பிரிவுலயா? எப்படி ஐயா?"

மேஸ்திரி சொன்னார். கதவு தட்டியது, நம்பர் எழுதிக் கொடுத்தது, வாசலில் நின்றது, எல்லாம். கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு உங்க கூட நடந்துட்டு வந்துதான் இந்த முறைய மாத்தணும்னு எழுதினேன்," என்றார். "கசிவுல எவ்வளவு தண்ணி போகுதுன்னும் அளந்து பாக்கணும்னு எழுதினேன். அளக்குற மீட்டர் இல்லன்னு அத விட்டுட்டாங்க. உங்கள மாதிரி ஆளுங்க மேல வரணும்னுதான் ஐயா எழுதினேன்."

"நானும் நீங்க ஆதாரம் கேட்டீங்களேன்னுதான்மா புகார் சேர்த்தேன்."

அந்த அம்மாளின் மேசையில் இன்னும் எட்டுப் பிரிவுகளின் கோப்புகள் இருந்தன.

"இப்ப நான் என்னம்மா செய்யணும்?"

"விளக்கம் எழுதுங்க. நானும் மேல எழுதுறேன். ஆனா ஆளுங்கள நிறுத்துற உத்தரவு போயிடுச்சு. முதல் தடவை தள்ளி வச்சதால இனி தள்ள முடியாதுங்கறாங்க." சற்றுத் தயங்கினார். "இதுல எது சரின்னு எனக்கும் தெரியல ஐயா."

தச்சுப் பட்டறைச் சந்தில் புதுக்குழாய் இறங்கிக்கொண்டிருந்தது. பொறுமை பள்ளத்துக்குள் உட்கார்ந்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். மேஸ்திரி மூன்று பேரையும் மேலே கூப்பிட்டு, மாதக் கடைசியோடு சரி என்பதைச் சொல்லிவிட்டார். சுற்றி வளைக்கத் தெரியவில்லை அவருக்கு.

நெட்டை கையில் இருந்த மண்ணைத் தட்டினான். பாட்டுதான் கேட்டான். "வீட்டுல கேட்டா என்னண்ணே சொல்றது? அப்ப, வேலை கம்மி, ஆளு வேணாம்னாங்க. இப்பப் புகார் அதிகம், ஆளு வேணாங்கறாங்க. நாங்க நல்லா வேலை செய்யலையா?"

"நல்லாத்தான்டா செஞ்சீங்க." எப்படி விளக்குவது என்று இரண்டு தடவை வாயெடுத்துப் பார்த்தார், முடியவில்லை. "என் மேல சொல்லுங்கடா. மேஸ்திரி சரியில்ல, அவனாலதான் வேலை போச்சுன்னு சொல்லுங்க. யார் கேட்டாலும் அதையே சொல்லுங்க."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அத மட்டும் சொல்ல மாட்டோம்ணே," என்றான் பொறுமை.

மேஸ்திரி சந்தின் நடுவில், பட்டறைக்காரர்கள் பார்க்கப் பார்க்க, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இன்னும் இரண்டு நட்டு பாக்கி இருக்கிறது என்று பொறுமை மறுபடி பள்ளத்துக்குள் இறங்கினான்.